10 மீட்டரில் சுடுகிறேன். இப்போதுள்ள ஸ்கோப்பில் இலக்கு மங்கலாகத் தெரிகிறது, குறியும் நகர்கிறது. ஸ்பிரிங் ஏர் ரைபிளுக்கு 4-16 ஸ்கோப் (4 முதல் 16 மடங்கு பெரிதாக்கிக் காட்டுவது) வாங்கலாமா?

4-16 வேண்டாம். நீங்கள் சுடும் 10 மீட்டருக்கு 3-9x40 (3 முதல் 9 மடங்கு, 40 மி.மீ. முன்கண்ணாடி) தாராளம். ஆனால் முன்கண்ணாடி வளையத்தைத் திருப்பி 10 கெஜம் வரை ஃபோகஸ் செய்ய முடிகிற 'ஏஓ' வகையாகப் பாருங்கள். இப்போது இலக்கு மங்கலாகத் தெரிவதற்கு அநேகமாகப் பேரலாக்ஸ், அதாவது ஸ்கோப் எந்தத் தூரத்துக்குச் சரிசெய்யப்பட்டிருக்கிறது என்பதுதான் காரணம்; வேட்டைத் துப்பாக்கி ஸ்கோப்புகளில் அதைப் பெரும்பாலும் 100 கெஜத்துக்கு வைத்திருப்பார்கள்.

குறி நகர்கிறது என்றீர்களே, முதலில் மவுண்ட்டை, அதாவது ஸ்கோப்பைத் துப்பாக்கியோடு பிடித்துவைக்கும் பிடியைப் பாருங்கள். ஸ்பிரிங் துப்பாக்கி பின்னாலும் உதைக்கும், முன்னாலும் இழுக்கும். மவுண்ட்டை ஒட்டி, அது பொருந்தியிருக்கும் ரெயிலில் பென்சிலால் ஒரு கோடு போட்டு 20 பெல்லட் சுடுங்கள். மவுண்ட் கோட்டைத் தாண்டிப் பின்னால் போயிருந்தால் அது நகராமல் தடுக்கும் ஒரு ஸ்கோப் ஸ்டாப் போதும், செலவும் குறைவு.

மவுண்ட் அசையாமலே குறி அலைந்தால் ஸ்கோப்பின் உள்பாகம் தளர்ந்திருக்கலாம். அப்புறம் புதிது வாங்குங்கள். பெரிய துப்பாக்கியின் உதையைத் தாங்கும் ஸ்கோப்கூட இந்த முன்னிழுப்பில் கெட்டுப்போவதுண்டு. ஸ்பிரிங் ரைபிளுக்கு ஏற்றது என்று தயாரிப்பாளரே சொல்லியிருக்க வேண்டும்.