எதைப் பார்த்து 2 மதிப்பெண்?

கேள்வி: சிற்றூர் ஒன்றிலுள்ள மெட்ரிகுலேஷன் பள்ளியில் இந்த ஆண்டுதான் தலைமையாசிரியையாகப் பொறுப்பேற்றேன். 24 ஆசிரியர்களையும் மதிப்பிட்டு வரிசைப்படுத்தித் தருமாறும், அதன்படியே ஊதிய உயர்வு அமையும் என்றும் சொல்லித் தாளாளர் ஒரு படிவம் கொடுத்தார். பாட அறிவு, வகுப்பறை மேலாண்மை, மாணவர் ஈடுபாடு என்று பத்துத் தலைப்புகள். ஒவ்வொன்றுக்கும் 5 மதிப்பெண். ஒவ்வொருவர் வகுப்பிலும் ஒரு பாடவேளை அமர்ந்து பார்த்து நிரப்பினேன். ஒன்பதாம் வகுப்பு ‘சி’ பிரிவின் கணித ஆசிரியருக்கு வகுப்பறை மேலாண்மையில் 2 போட்டிருந்தேன். “எதைப் பார்த்து 2 போட்டீங்க மேடம்?” என்று அவர் கேட்டபோது, வகுப்பில் ஒரே சத்தம் என்பதைத் தவிர என்னால் எதுவும் சொல்ல முடியவில்லை. அவர் என்னைவிடப் பத்து வயது மூத்தவர். என் மதிப்பீடு தவறா? இதை எப்படிச் சரியாகச் செய்வது?

பதில்:

அன்புள்ள தலைமையாசிரியை அவர்களுக்கு,

நீங்கள் போட்ட 2 சரியா, தவறா என்பது எனக்குத் தெரியாது. உங்களுக்கும் இப்போது தெரிய வழியில்லை என்பதுதான் சிக்கல். பிள்ளைகள் இருவர் இருவராகச் சேர்ந்து ஒரு கணக்கின் விடையைப் பற்றி வாதிட்டாலும் வகுப்பில் சத்தம் எழும். ஆசிரியர் கரும்பலகைப் பக்கம் திரும்பியதும் பின்வரிசையில் விளையாட்டு தொடங்கினாலும் சத்தம் எழும். அன்று நீங்கள் கேட்டது இவற்றில் எது என்பதற்கு உங்கள் கையில் எந்தக் குறிப்பும் இல்லை. ஆகவே அந்த ஆசிரியர் கேட்டது நியாயமான கேள்வி. வயதில் மூத்தவர் என்பதால் அது உங்களுக்குச் சங்கடமாக இருந்திருக்கலாம்; வயதில் இளையவர் கேட்டிருந்தாலும் அதற்கு நீங்கள் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்தான்.

வகுப்பில் அமரும்போது மதிப்பெண் படிவத்தைக் கையில் எடுத்துச் செல்லாதீர்கள். படிவம் கையில் இருந்தால் பத்தாவது நிமிடத்திலேயே மனம் ஓர் எண்ணைத் தேர்ந்துவிடும். மீதி நேரம் அந்த எண்ணுக்குச் சான்று தேடுவதிலேயே கழியும். அதற்குப் பதிலாக ஒரு வெள்ளைத் தாளை மூன்று பத்திகளாகப் பிரித்து, முதலாவதில் நேரத்தையும், இரண்டாவதில் ஆசிரியர் சொன்னதையும் செய்ததையும், மூன்றாவதில் மாணவர்கள் சொன்னதையும் செய்ததையும் எழுதிக்கொண்டே வாருங்கள். ‘மாணவர்களுக்கு ஈடுபாடு இல்லை’ என்று எழுதினால் அது உங்கள் தீர்ப்பு. ‘10.20: கடைசி வரிசை ஆறு பேரில் நான்கு பேர் நோட்டைத் திறக்கவில்லை, ஆசிரியர் அந்தப் பக்கம் வரவில்லை’ என்று எழுதினால் அது சான்று, அதை அவரே படித்துப் பார்த்து ஒப்புக்கொள்ளவோ மறுக்கவோ முடியும். நன்று, சுமார், சிறப்பு போன்ற சொற்கள் அந்தத் தாளில் ஓரிடத்திலும் வரக் கூடாது. மதிப்பெண்ணை அறைக்குத் திரும்பிய பிறகு, தாளைப் படித்துப் பார்த்து, ஒவ்வொரு தலைப்புக்கும் அதில் எந்த வரி ஆதாரம் என்று குறியிட்டபின் போடுங்கள். ஆதார வரி கிடைக்காத தலைப்பை வெறுமையாக விட்டுவிடுவதே நேர்மை.

எதை எழுதுவது என்று திகைக்க வேண்டியதில்லை. பி.எட். வகுப்பில் ஃபிளாண்டர்ஸ் முறையைப் படித்திருப்பீர்கள்: மூன்று விநாடிக்கு ஒருமுறை, வகுப்பில் நடப்பதைப் பத்து வகைகளில் ஒன்றாகக் குறிப்பது. முழுதாக அதைச் செய்யப் பயிற்சி வேண்டும், பொறுமையும் வேண்டும். தேர்வுக்காகப் படித்த நம்மில் பலர் ஒரு நாளும் அதைச் செய்து பார்த்ததில்லை. ஆனால் அதன் உட்கருத்து, அதாவது யார் எவ்வளவு நேரம் பேசுகிறார்கள் என்று எண்ணிப் பார்ப்பது, இன்றும் பயன்படும். இருக்கை வரைபடம் ஒன்றை வரைந்துகொண்டு, ஆசிரியர் யாரிடம் கேள்வி கேட்டாலும் அந்த இருக்கையில் ஒரு கோடு போடுங்கள். பாடவேளை முடிவில் கோடே விழாத மூலைகள் கண்ணில் படும். கேள்வி கேட்டபின் ஆசிரியர் எத்தனை விநாடி காத்திருக்கிறார் என்பதையும் கவனியுங்கள். மேரி பட் ரோ என்ற அமெரிக்க அறிவியல் கல்வியாளர், ஆசிரியர்கள் வழக்கமாக ஒரு விநாடி அளவே காத்திருக்கிறார்கள் என்பதையும், அதை மூன்று விநாடிக்கு மேல் நீட்டினால் மாணவர்களின் பதில்கள் நீளமாகவும் காரணத்தோடும் அமைகின்றன என்பதையும் 1970களிலேயே பதிவு செய்தார். இது குரல்வளமோ மேடைத் திறமையோ தேவைப்படாத ஒன்று. கணீரென்று பேசும் ஆசிரியரை உயர்வாகவும், மெல்லப் பேசுபவரைத் தாழ்வாகவும் எடைபோடும் நம் பழக்கத்திலிருந்து இத்தகைய எண்ணிக்கைகள் ஓரளவு காப்பாற்றும்.

அடுத்து, ஒரே ஒரு பாடவேளை போதாது. ஒரே ஒரு பார்வையாளரும் போதாது. 2009இல் தொடங்கி ஏறத்தாழ 3000 ஆசிரியர்களை உட்படுத்தி, கேட்ஸ் அறக்கட்டளையின் நிதியில் அமெரிக்காவில் நடந்த ஆய்வின் முடிவுகளில் உங்களுக்குப் பயன்படுவது இது: ஒருவரே இன்னொரு பாடத்தையும் பார்ப்பதைவிட, இரண்டாவது பாடத்தை வேறொருவர் பார்க்கும்போது மதிப்பெண்ணின் நம்பகத்தன்மை கூடுதலாக உயர்கிறது. நாற்பது நிமிடம் முழுவதும் ஒவ்வொரு முறையும் உட்கார வேண்டும் என்பதும் இல்லை. பாடத்தின் முதல் பதினைந்து நிமிடத்தை மட்டும் பார்ப்பதும், எடுத்துக்கொள்ளும் நேரத்தோடு ஒப்பிட்டால், எதிர்பார்ப்பதைவிட அதிகமாகவே பயன் தருவதாக அதே ஆய்வுத் தொடர் காட்டியது. எனவே ஒவ்வோர் ஆசிரியருக்கும் முன்னறிவித்து ஒரு முழுப் பாடவேளையை நீங்கள் பாருங்கள். சொல்லாமல் சென்று பார்க்கும் இரண்டு பதினைந்து நிமிடங்களில் ஒன்றையாவது, அதே பாடத்தில் அனுபவமுள்ள மூத்த ஆசிரியர் ஒருவரிடம் விடுங்கள். 24 பேருக்கு 72 வருகைகள் ஆகின்றன. ஒரு மாதத்தில் முடியாது. ஜூலையில் தொடங்கினால் ஜனவரிக்குள் முடியும்.

‘சி’ பிரிவு என்று எழுதியிருந்தீர்கள். உங்கள் பள்ளியில் மதிப்பெண்ணை வைத்துப் பிரிவுகளைப் பிரிப்பது வழக்கமானால், இதைச் சற்று நிதானித்துப் பாருங்கள். ஏற்கெனவே நன்றாகப் படிக்கும் மாணவர்கள் நிறைந்த வகுப்பை நடத்துபவர்களுக்கு, வகுப்பறை உற்றுநோக்கலில் சராசரியாக அதிக மதிப்பெண் கிடைப்பதை அமெரிக்கப் பள்ளி மாவட்டங்களின் தரவுகளைக் கொண்ட ஆய்வுகள் காட்டியுள்ளன. வகுப்பின் இயல்பு ஆசிரியரின் மதிப்பெண்ணுக்குள் புகுந்துவிடுகிறது என்பதே இதன் பொருள். ‘ஏ’ பிரிவு ஆசிரியரையும் ‘சி’ பிரிவு ஆசிரியரையும் ஒரே வரிசையில் நிறுத்தினால், யாருக்கு எந்தப் பிரிவு கொடுத்தீர்கள் என்பதைத்தான் பெரும்பாலும் அளந்துகொண்டிருப்பீர்கள். அந்தக் கணித ஆசிரியர் ‘ஏ’ பிரிவிலும் பாடம் எடுக்கிறாரானால் அங்கும் சென்று பாருங்கள்.

வகுப்பில் அமர்ந்து பார்ப்பதால் தெரியாத பாதி ஒன்று உண்டு. ஷார்லட் டேனியல்சன் 1996இல் வெளியிட்டு, பல நாடுகளில் கையாளப்படும் மதிப்பீட்டுச் சட்டகம் ஆசிரியர் பணியை நான்கு பகுதிகளாகப் பிரிக்கிறது: திட்டமிடல், வகுப்பறைச் சூழல், கற்பித்தல், தொழில்சார் பொறுப்புகள். இவற்றில் நடுவிலுள்ள இரண்டுதான் வகுப்பில் நேரடியாகத் தெரியும். மற்ற இரண்டுக்கும் ஆவணங்களைத்தான் நாட வேண்டும்.

ஆவணம் என்றதும் பாடக் குறிப்பேட்டைக் கேட்டுவிடாதீர்கள். சென்ற ஆண்டுக் குறிப்பைத் தேதி மாற்றி ஞாயிற்றுக்கிழமை மாலையில் அழகான கையெழுத்தில் படியெடுப்பது எந்தப் பள்ளியிலும் நடக்காத ஒன்று என்று நீங்களும் நானும் பாவனை செய்ய வேண்டாம். மதிப்பீட்டுக்காகவே தயாரிக்கப்படும் எந்தக் கோப்புக்கும், விழாப் புகைப்படங்கள், சான்றிதழ்கள், வண்ண அட்டைகள் உட்பட, நான் அதிக எடை தர மாட்டேன். வேலையின் போக்கில் தானாக உண்டாகும் தாள்களே நல்ல சான்று. அவற்றில் முதலிடம் மாணவர்களின் நோட்டுகளுக்கு. வருகைப் பதிவேட்டில் ஐந்தாவது, பத்தாவது, பதினைந்தாவது என்று எண்ணிக்கொண்டே போய் அந்தப் பிள்ளைகளின் நோட்டுகளை நீங்களே வாங்குங்கள். ஆசிரியர் எடுத்து வரும் ஐந்து நோட்டுகள் எப்போதும் வகுப்பின் முதல் ஐந்து பேருடையவையாகவே இருக்கும். ஒரு மாதத்துப் பக்கங்களைப் புரட்டுங்கள். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் சிவப்பு ‘டிக்’ இருப்பது அவர் நோட்டைத் திறந்தார் என்பதை மட்டுமே காட்டும். பின்னங்களின் பகுதிகளைச் சமப்படுத்தாமல் கூட்டிய பிழையை அவர் சுட்டியிருக்கிறாரா, அடுத்த வாரம் அதே மாணவர் அதே பிழையைச் செய்திருக்கிறாரா, பலர் செய்த பிழையாக இருந்தால் அதைத் திரும்ப நடத்தியதற்கான தடயம் நோட்டில் உள்ளதா என்பவற்றைப் பாருங்கள். அவரே தயாரித்த வகுப்புத் தேர்வு வினாத்தாள் ஒன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வினாக்கள் பாடநூலின் பயிற்சியை அப்படியே திருப்பிக் கேட்கின்றனவா, யோசிக்க வைக்கின்றனவா என்பது அதில் தெரிந்துவிடும்.

தேர்வு மதிப்பெண்ணையும் சேர்க்கலாமா என்று தாளாளர் கேட்பார். மாலையில் டியூஷன் போகும் பிள்ளையின் மதிப்பெண்ணில் பள்ளி ஆசிரியரின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல உங்கள் பள்ளியில் யாராலும் முடியாது என்று சொல்லிவிடுங்கள்.

பார்த்த இரண்டு நாளுக்குள் ஆசிரியரோடு உட்காருங்கள். குறிப்புத் தாளின் நகலை முதலில் அவர் கையில் கொடுத்து, அவர் படித்து முடிக்கும்வரை பேசாமல் இருங்கள். விட்டுப்போனதையோ தவறாகப் பதிந்ததையோ அவர் தம் கைப்பட எழுதட்டும், இருவரும் கையெழுத்திடுங்கள். தொடக்கநிலை ஆசிரியர்களுக்காக என்.சி.இ.ஆர்.டி. வகுத்த ‘பிண்டிக்ஸ்’ என்ற செயல்திறன் குறியீடுகளிலும் ஆசிரியர் தம்மைத் தாமே மதிப்பிட்டுக்கொள்வதற்கு இடம் உண்டு. அரசு ஊழியர்களின் ஆண்டு இரகசிய அறிக்கையில் எழுதப்படும் ஒவ்வொரு மதிப்பீடும் அவர்களுக்குத் தெரிவிக்கப்பட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2008இல் தேவ் தத் வழக்கில் கூறியது. தனியார் பள்ளியை அந்தத் தீர்ப்பு நேரடியாகக் கட்டுப்படுத்தாது. ஆனால் அதன் காரணம், தெரிவிக்கப்படாத குறையைத் திருத்தவோ மறுக்கவோ ஒருவரால் இயலாது என்பது, உங்கள் பள்ளிக்கும் பொருந்தும்.

வரிசைப்படுத்துவதை மட்டும் நான் ஏற்கவே மாட்டேன். 50க்கு 34 வாங்கியவருக்கும் 36 வாங்கியவருக்கும் இடையே உள்ள வேறுபாடு, நீங்கள் வேறொரு நாளில் போயிருந்தால் தலைகீழாக மாறியிருக்கும். அதை வைத்து ஒருவருக்கு ஊதிய உயர்வும் மற்றவருக்கு ஏமாற்றமும் தருவது அநீதி. எல்லாச் சான்றுகளிலும் தெளிவாக உயர்ந்து நிற்பவர் சிலர் இருப்பார்கள். உடனடியாக உதவி தேவைப்படுபவர் ஓரிருவர் இருப்பார்கள். இடையிலுள்ள பெரும்பான்மையினரை ஒரே தொகுதியாக வைத்து, அவர்களுக்குள் ஏற்றத்தாழ்வு சொல்ல இந்த முறைக்குத் திறன் இல்லை என்று தாளாளருக்கு எழுத்தில் தெரிவியுங்கள். ஊதியத்துக்குக் கணக்கில் வரும் வருகை எது, உதவிக்காக மட்டும் வரும் வருகை எது என்பதையும் ஆசிரியர்களிடம் முன்னரே சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால், நீங்கள் வாசலில் தோன்றும் ஒவ்வொரு முறையும் மாதிரி வகுப்புதான் நடக்கும்.

கணித ஆசிரியரின் படிவத்தில் அந்த 2ஐ அடித்து, ‘மதிப்பிடப்படவில்லை’ என்று எழுதித் தேதியிடுங்கள். அன்று ஒரே ஒரு பாடவேளையைக் குறிப்பில்லாமல் பார்த்து நிரப்பிய மற்ற 23 படிவங்களுக்கும் அதே நிலைதான். 4 வாங்கியவர் யாரும் வந்து கேட்கமாட்டார் என்பது மட்டுமே வேறுபாடு. படிவத்தை மாற்றத் தாளாளர் இசையாவிட்டால், அதே பத்துத் தலைப்புகளை வைத்துக்கொண்டு, ஒவ்வோர் எண்ணுக்கும் எதிரே குறிப்புத் தாளின் தேதியையும் நேரத்தையும் எழுதி, தாளின் நகலையும் ஆசிரியரின் விளக்கத்தையும் பின்னால் இணைத்து அனுப்புங்கள். அதை எந்தத் தாளாளரும் தடுக்க வழியில்லை.