'டிராமா' என்ற பெயரை ஏன் விட்டார்கள்?

அன்புள்ள ஐயா,

பிரிட்டனின் 'யூகேடிவி டிராமா' 2008-இல் 'ஆலிபை' என்று பெயர் மாறியது. நாடகச் சேனல் என்று பளிச்சென்று சொல்லும் பெயரை எதற்கு விட்டார்கள்? ஐந்தே ஆண்டில் அதே நிறுவனம் 'டிராமா' என்று இன்னொரு சேனலைத் தொடங்கியது. முதலில் செய்தது பிழை என்றுதானே பொருள்?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

பிழை இல்லை. இரண்டும் வேறு சரக்கு, வேறு கல்லா.

இதன் வேர் 1992 நவம்பரில் வந்த 'யூகே கோல்டு'. ஐடிவி என்ற வணிக ஒளிபரப்பு வலையமைப்பில் லண்டனுக்கான உரிமத்தை இழந்த தேம்ஸ் டெலிவிஷனும் பிபிசியும் தங்கள் பழைய நிகழ்ச்சிகளை அதில் ஓட்டின. 1997-இல் பிபிசியின் வணிகப் பிரிவும் பிளெக்ஸ்டெக் என்ற தொலைக்காட்சி நிறுவனமும் கூட்டாகப் புதிய சேனல்கள் திறந்தன. அவற்றில் ஒன்று 'யூகே அரினா', கலைகளுக்கான சேனல். 2000 மார்ச்சில் அதுவே 'யூகே டிராமா' ஆனது. 2004-இல் எல்லாச் சேனல்களுக்கும் 'யூகேடிவி' என்ற முன்னொட்டு வந்தது.

அந்த முன்னொட்டுதான் சிக்கல். செட்டாப் பாக்ஸின் நிகழ்ச்சிப் பட்டியலில் ஒரே சொல்லில் தொடங்கும் பெயர்கள் வரிசையாக நின்றால் எது எதென்று மனதில் தங்காது. 2007 அக்டோபரில் 'யூகேடிவி ஜி2'வை 'டேவ்' என்று மாற்றி, ஆன்டெனாவில் இலவசமாகக் கிடைக்கும் ஃப்ரீவியூவிலும் விட்டார்கள். அது நன்றாகப் பிடித்துக்கொண்டது. அடுத்த ஆண்டு அக்டோபர் 7 அன்று கோல்டு நகைச்சுவைக்கு ஒதுங்கியது, 'வாட்ச்' புதிதாக வந்தது, டிராமா 'ஆலிபை' ஆனது. குற்றம் நடந்த நேரத்தில் வேறிடத்தில் இருந்தேன் என்று சொல்லும் சாட்சியம்தான் ஆலிபை. துப்பறியும் தொடர்கள் அங்கேயே தங்கின. மற்ற நாடகங்கள் வாட்சுக்குப் போயின. சரக்கைப் பிரித்த பிறகு பழைய பெயர் பொருந்தாது.

ஏன் குற்றக் கதை? ஒவ்வொரு பகுதியும் தன்னளவில் முடிந்துவிடுவதால் எந்த நாளும் எந்த வரிசையிலும் போடலாம். இன்னொரு காரணம் நிமிடக் கணக்கு, இதை யாரும் பேசுவதில்லை. விளம்பரம் இல்லாத பிபிசிக்காக எடுத்த ஒரு மணி நேர நாடகம் 58, 59 நிமிடம் ஓடும். வணிகச் சேனலில் மணிக்கு 12 நிமிடம் வரை விளம்பரம் போகும், முன்னோட்டங்கள் தனி. முழுதாகக் காட்ட 80 நிமிடம் ஒதுக்க வேண்டும். ஒன்பதுக்குத் தொடங்கினால் அடுத்தது 10.20, அதற்கடுத்தது 11.40. 60 நிமிடத்தில் அடைக்கப் பார்த்தால் பத்து நிமிடத்துக்கு மேல் கத்தரிக்க வேண்டும். துப்பறியும் கதையில் அந்தப் பத்து நிமிடத்தோடு துப்பும் போய்விடும். விளம்பர இடைவெளி வைத்தே எடுக்கப்பட்ட அமெரிக்கத் தொடரோ 42, 43 நிமிடம்தான். ஒரு மணி நேரத்தில் கச்சிதமாக உட்காரும். அந்த வகையில் குற்றத் தொடர்கள் ஏராளம். 'ரிசோலி அண்ட் ஐல்ஸ்' போன்றவை ஆலிபைக்கு வந்தது இப்படித்தான்.

2013 ஜூலையில் வந்த 'டிராமா' வேறு. 'பிளைட்டி' என்ற கட்டணச் சேனலை மூடிவிட்டு, பிபிசியின் பழைய நாடகங்களை ஃப்ரீவியூவில் இலவசமாகத் தந்தார்கள். வருமானம் முழுக்க விளம்பரம். சந்தா கட்டாதவர் ரிமோட்டில் தாவும்போது ஒரே பார்வையில் புரிய வேண்டும். அதற்குப் பொதுப் பெயரே சரி. ஆலிபை போலச் சந்தா வாங்கும் சேனல் அப்படி இருக்க முடியாது. வேறெங்கும் இல்லாத ஒன்று இங்கே இருக்கிறது என்று அது காட்டியாக வேண்டும். அந்தத் தேவைதான் 2019 டிசம்பரில் ஸ்காட்லாந்தின் டண்டீ நகரக் கதையான 'டிரேசஸ்' தொடரைச் சொந்தமாக எடுக்க வைத்தது. அதைப் பிறகு 'பிபிசி ஒன்' சேனலும் ஒளிபரப்பியது. அதுவரை பிபிசியின் பழைய சரக்கு இங்கே வந்தது, இது எதிர்த்திசை. ஆலிபையின் வரலாற்றில் பெயர் மாற்றத்தைவிட இதையே பெரிய திருப்பமாகக் கருதுகிறேன்.

உங்கள் கேள்விக்கு இன்னும் வலுவான சான்று 2024-இல் இருக்கிறது. 2019-இல் பிபிசி ஸ்டுடியோஸ் ஆலிபை உட்பட ஏழு சேனல்களைத் தனதாக்கிக்கொண்டது. இப்போது அவற்றின் இலவச இணையச் சேவைக்கு 'யூ' என்று பெயர். அதையே எல்லாவற்றின் முன்னும் ஒட்டி, 'யூ அண்ட் டிராமா', 'யூ அண்ட் ஆலிபை' என்றாக்கிவிட்டார்கள். கைவிட்ட முன்னொட்டு திரும்பிவிட்டது. ஆனால் இம்முறை அது பார்வையாளரை அந்த இணையச் சேவைக்குக் கூட்டிப்போகும் கைகாட்டி. பெயர் ஒன்றுபோல ஒலித்தாலும் டிராமா இன்னும் இலவசம், ஆலிபை இன்னும் கட்டணச் சேனல்.