சளிப்பூஞ்சை மாதிரியில் பூசணம் ஏன்?

கேள்வி: மட்கிய மரத்தில் கிடைத்த ஸ்டெமோனைட்டிஸ் என்ற சளிப்பூஞ்சையை (பூஞ்சைபோலத் தோன்றினாலும் பூஞ்சையல்லாத ஓர் உயிரி) கல்லூரி ஹெர்பேரியத்துக்காக (உலர் மாதிரிக் காப்பகம்) பிளாஸ்டிக் டப்பாவில் மூடி வைத்தேன். வெள்ளைப் பூசணம் படர்ந்துவிட்டது. எங்கே பிழை? – மாணவி, குன்னூர்

பதில்: ஈரத்தோடு மூடியதுதான் பிழை. சளிப்பூஞ்சையைச் செடிபோல அழுத்தவும் கூடாது; வித்துப்பைகள் நொறுங்கிவிடும். அது ஒட்டியிருக்கும் மரப்பட்டையைக் கத்தியால் மெல்லியதாகச் சீவி எடுங்கள். தீப்பெட்டியின் உள்தட்டில் ஃபெவிகால் தடவி, பட்டையின் அடிப்புறத்தை மட்டும் ஒட்டுங்கள். தட்டைத் திறந்தபடியே, காற்றோட்டமான நிழலில் சில நாள் காயவிடுங்கள். நன்றாகக் காய்ந்தபின் மூடி, ஜிப் பையில் போட்டு ஒரு வாரம் ஃப்ரீசரில் வையுங்கள். வித்துகளைத் தின்னும் நுண்சிலந்திகளும் பூச்சிகளும் அதில் சாகும். வெளியே எடுத்ததும் பையைத் திறக்காதீர்கள். அறைச் சூடு வரும்வரை பொறுக்காவிட்டால் உள்ளே நீர் கோத்து மறுபடி பூசணம்தான்.

எடுக்கும்போது சளிப்பூஞ்சையே வெள்ளையாகவோ பால்போலவோ இருந்தால் அது இன்னும் முதிரவில்லை. ஈரத்தாள் விரித்த டப்பாவில், அசைக்காமல், முதிர்ந்து நிறம் மாறும்வரை வைத்த பிறகே உலர்த்துங்கள். அவசரப்பட்டு உலர்த்தினால் வித்து உருவாகாது. வித்தில்லாத மாதிரியை இனம் காண்பது பெரும்பாடு.

சேகரிப்பு எண், தேதி, இடம், அட்சரேகை, தீர்க்கரேகை, உயரம், எந்த மரம், பட்டையா கட்டையா இலைச்சருகா என்பதை அன்றே பென்சிலால் எழுதிப் பெட்டிக்குள் வையுங்கள். இனப்பெயரைப் பிறகும் சேர்க்கலாம். இடத்தை மறந்தால் மாதிரிக்கு மதிப்பே குறைந்துவிடும். காப்புக்காடு என்றால் வனத்துறை அனுமதி கட்டாயம்.