உப்பிப் போன லிப்போ பேட்டரியை ஆர்சி (ரிமோட்டில் பறக்கும்) ஹெலிகாப்டரில் தொடர்ந்து பயன்படுத்தலாமா?

450 ரக மின்சார ஹெலிகாப்டர், 3எஸ் (மூன்று செல் கொண்ட) 2200 எம்ஏஎச் (கொள்ளளவு, மில்லிஆம்பியர்-மணியில்) லிப்போ, அதாவது லித்தியம் பாலிமர் பேட்டரி. வாங்கி ஆறு மாதம்கூட ஆகாமல் உப்பிவிட்டது, இன்னும் ஓட்டலாமா, ஏன் இப்படி ஆனது என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஓட்ட வேண்டாம். இனி அதைச் சார்ஜரில் போடவே கூடாது. உள்ளே எலக்ட்ரோலைட் சிதைந்து வாயு சேர்ந்ததால்தான் உறை புடைக்கிறது. ஊசியால் குத்திக் காற்றை எடுத்துவிடலாம் என்று யாராவது சொன்னால் தயவுசெய்து கேட்காதீர்கள், தீப்பிடிக்கும். வெட்டவெளியில் வைத்து, ஒரு 12 வோல்ட் பல்பை மாட்டி முழுக்க இறக்கிவிட்டு, மின்கழிவு வாங்குமிடத்தில் கொடுத்துவிடுங்கள்.

நான் பார்த்தவரை, பறக்கும்போது கெடும் பேட்டரியைவிட அலமாரியில் கிடந்து கெடுவதுதான் அதிகம். ஒரு சித்திரை மாதம், ஞாயிற்றுக்கிழமை பறக்கலாம் என்று சனி இரவே இரண்டு பேட்டரி பேக்கை முழுதாகச் சார்ஜ் செய்து வைத்தேன். விடிவதற்குள் ஊரிலிருந்து துக்கச் செய்தி, கிளம்பிவிட்டோம். மூன்று வாரம் கழித்து வந்து மாடி அறை அலமாரியைத் திறந்தால் இரண்டும் பூரி மாதிரி உப்பியிருந்தன. செல்லுக்கு 4.2 வோல்ட் நிரம்பிய நிலையும் மொட்டை மாடிக்குக் கீழே இருக்கும் அறையின் சூடும் சேர்ந்தால் அப்படித்தான். அன்றே பறக்கவில்லை என்றால் சார்ஜரின் ஸ்டோரேஜ் மோடில் (சேமித்து வைப்பதற்கான அமைப்பு) போட்டு செல்லுக்கு 3.8 வோல்ட்டுக்குக் கொண்டுவந்து, வீட்டிலேயே குளிர்ச்சியான இடத்தில் வையுங்கள். வெயிலில் நிற்கும் காருக்குள் வைக்காதீர்கள். சார்ஜ் எப்போதும் பேலன்ஸ் லீடோடு (செல்களைச் சமமாக நிரப்ப உதவும் சிறு வயர்), 1சி அளவில் (கொள்ளளவுக்குச் சமமான மின்னோட்டம்), அதாவது உங்கள் பேக்குக்கு 2.2 ஆம்பியரில். பறந்து வந்த பேக் ஆறட்டும், அப்புறம் போடுங்கள். நான் மண்சட்டிக்குள் வைத்துத்தான் சார்ஜ் செய்கிறேன், முடியும் வரை பக்கத்திலேயே இருப்பேன்.

இன்னொரு காரணம், கடைசிச் சொட்டு வரை உறிஞ்சுவது. விமானம் என்றால் மோட்டார் நின்றாலும் சறுக்கி வந்து இறங்கும். ஆட்டோரொட்டேஷன் (மோட்டார் இல்லாமல் ரோட்டரின் சுழற்சியிலேயே இறக்குவது) பழகாத கைக்கு ஹெலியில் அந்த வாய்ப்பு கிடையாது. அதனால் இஎஸ்சி (மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவி) பேட்டரி இறங்கியதும் தரும் கட்ஆஃப்பை நம்பாமல் டைமரை நம்புங்கள். முதலில் 4 நிமிடம் மட்டும் பறந்துவிட்டு முழுச் சார்ஜ் செய்யுங்கள். சார்ஜரில் 1400 எம்ஏஎச் ஏறியது என்றால் நிமிடத்துக்கு 350. 80 சதவீதத்துக்கு மேல் எடுக்கக் கூடாது; 2200இல் அது 1760. ஆக உங்கள் டைமர் 5 நிமிடம், அதற்கு மேல் ஒரு நொடியும் வேண்டாம். இறங்கிச் சற்று நேரம் கழித்து அளந்தால் எந்தச் செல்லும் 3.7 வோல்ட்டுக்குக் கீழே இருக்கக் கூடாது.

அந்த எம்ஏஎச் எண்ணை ஒவ்வொரு முறையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். இதை நான் அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் பேட்டரியை மட்டுமல்ல, ஹெலியின் உடம்பையும் அது காட்டிக்கொடுக்கும். எனக்கு நாலரை நிமிடத்துக்கு எப்போதும் 1600ஐ ஒட்டித்தான் ஏறும். ஒரு ஞாயிறு 1710, அடுத்த ஞாயிறு 1800. காற்றும் இல்லை, பறத்தலிலும் மாற்றமில்லை. பேட்டரியைக் கழற்றிவிட்டு, மோட்டாரைத் தளர்த்திப் பினியனை (மோட்டாரின் சிறு பல்சக்கரம்) மெயின் கியரிலிருந்து விலக்கி, ரோட்டர் தலையைக் கையால் மெதுவாகச் சுற்றிப் பார்த்தேன். விரலில் மணல் அரைபடுவது போல ஒரு நெருடல். மெயின் ஷாஃப்ட்டின் (ரோட்டரைத் தாங்கும் தண்டு) மேல்பக்க பேரிங் கெட்டுப்போயிருந்தது. புது பேரிங் போட்டு, பினியனுக்கும் கியருக்கும் நடுவே ஒரு துண்டுக் காகிதம் கொடுத்து மோட்டாரை நெருக்கி முடுக்கி, காகிதத்தை உருவினேன். பல்லிடைவெளி சரியாக வர அதுவே போதும். உலோகத்தில் இறங்கும் திருகுகளுக்கெல்லாம் நீல நிறத் திரெட்லாக் (திருகு அதிர்வில் கழலாமல் பிடிக்கும் பசை) ஒரு பொட்டு. அடுத்த சார்ஜில் 1590.