வீட்டுக் கேமராவை வெளியூரிலிருந்து பார்க்க ரவுட்டரில் போர்ட் திறந்தால் போதுமா, விபிஎன் தேவையா?

விபிஎன்தான் நல்லது. காரணம் இதுதான்.

போர்ட் திறந்தால், அதாவது போர்ட் ஃபார்வர்டிங் செய்தால், இணையத்திலிருந்து அந்தப் போர்ட் எண்ணுக்கு யார் வந்தாலும் ரவுட்டர் நேரே கேமராவிடம் அனுப்பிவிடும். தெருப்பக்கம் ஒரு கதவைத் திறந்துவைத்து, காவலுக்குக் கேமராவின் பாஸ்வேர்டை மட்டும் நிறுத்துவது மாதிரி. அந்தக் காவலின் லட்சணத்தை 2016இல் மிராய் என்ற தீநிரல் காட்டியது. கம்பெனி போட்டுக்கொடுத்த பாஸ்வேர்டை மாற்றாத கேமராக்கள், ரவுட்டர்கள் என லட்சக்கணக்கான கருவிகளுக்குள் அது புகுந்தது. அவற்றை ஏவி அக்டோபரில், இணையதளப் பெயர்களை ஐபி முகவரிகளாக மாற்றித் தரும் டின் நிறுவனத்தைத் தாக்கியபோது ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் எல்லாம் தடுமாறின.

விபிஎன் என்பது சாவி வைத்திருப்பவருக்கு மட்டுமான சுரங்கப்பாதை. வெளியூரில் இருந்தாலும் உங்கள் போன் வீட்டு வைஃபையில் இருப்பதுபோல் ஆகிவிடும். ரவுட்டரில் வயர்கார்டு என்ற விபிஎன் வசதி இருந்தால் சர்வரை இயக்கி, போனுக்கு ஒரு சாவி உருவாக்கினால் போதும். சாவியில்லாமல் தட்டுபவருக்கு வயர்கார்டு பதிலே சொல்லாது. அதில் எனக்குப் பிடித்ததே அதுதான்.

அப்புறம், கருவிகள் தாமாகவே போர்ட் திறக்க விடும் யுபிஎன்பி வசதியை ரவுட்டரில் அணைத்துவிடுங்கள். இல்லையென்றால் கேமரா உங்களைக் கேட்காமலே போர்ட்டைத் திறந்துகொள்ளும். ரவுட்டரின் வெளி முகவரி 100.64 முதல் 100.127 வரை ஏதோ ஒன்றில் தொடங்கினால் உங்களுக்குத் தனிப் பொது ஐபி முகவரி இல்லை, வெளியிலிருந்து உங்கள் ரவுட்டரை நேரே எட்ட முடியாது. இணைய சேவை நிறுவனத்திடம் கேட்டு வாங்க வேண்டும்.

காசு கட்டி வாங்கும் விபிஎன் ஆப் இந்த வேலையைச் செய்யும் என்று பலர் நினைக்கிறார்கள். அது போனை அந்த நிறுவனத்தின் சர்வரோடு இணைக்கிறது, உங்கள் வீட்டோடு அல்ல.