கள்ளுக்கடை இல்லாவிட்டால் எங்கே போய் உட்காருவது?

அன்புள்ள அண்ணா,

பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கே, தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கொழிஞ்சாம்பாறைப் பக்கம் இருக்கிறேன். வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது, குடியை விட்டு ஒரு வருஷம் ஆகப்போகிறது. குடித்த காலத்தில் கூட்டாளிகள் இருந்தார்கள், விட்டதும் ஒருத்தரும் இல்லை. வீட்டுக்காரி ஞாயிற்றுக்கிழமை குடும்பஸ்ரீ பெண்கள் குழுவின் அயல்கூட்டத்துக்குப் போய்விட்டு வந்தால் முகமே வேறாக இருக்கிறது. ஆம்பளைகளும் இப்படி உட்கார்ந்து மனதில் இருப்பதைப் பேசலாமே என்று இரண்டு மூன்று பேரிடம் சொன்னேன். "பொம்பளைங்க மாதிரி உட்கார்ந்து அழச் சொல்றியா" என்று சிரித்துவிட்டார்கள். நம்ம ஊரில் இது நடக்கிற காரியமா? பெயர் போட வேண்டாம்.

அன்புள்ள தம்பி,

நடக்கும். ஆனால் நீங்கள் கூப்பிட்ட விதத்தில் நடக்காது. "வாங்க, மனசு விட்டுப் பேசலாம்" என்றால் நானே வரமாட்டேன். செருப்பைத் தேடிக்கொண்டு வெளியே போகத்தான் தோன்றும்.

உங்கள் வீட்டுக்காரி போகும் அயல்கூட்டத்தையே பாருங்கள். 1998இல் கேரளத்தில் குடும்பஸ்ரீ தொடங்கியபோது பெண்கள் மனம் விட்டுப் பேசட்டும் என்று யாரும் தொடங்கவில்லை, வறுமை ஒழிப்புக்காகத் தொடங்கினார்கள். பத்துப் பதினைந்து வீட்டுப் பெண்கள் கூடுவார்கள், சேமிப்புப் பணம் கட்டுவார்கள், யாருக்குக் கடன் கொடுப்பது என்று பேசுவார்கள், நோட்டில் எழுதுவார்கள். மருமகள் சண்டையும் முட்டிவலியும் தூக்கம் வராத கதையும் அந்த நோட்டைச் சுற்றித்தான் வந்து விழும். போவதற்கு ஒரு காரணம் இருக்கிறது, அதனால் போகிறார்கள். நமக்கு அப்படிக் காரணமாக இருந்தது கள்ளுக்கடை, டீக்கடை பெஞ்சு, கட்சி ஆபீஸ். முதலாவதை நீங்கள் விட்டுவிட்டீர்கள், டீக்கடையில் எல்லாரும் போனைப் பார்த்துக்கொண்டு இருக்கிறார்கள், கட்சி ஆபீசைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை.

ஆஸ்திரேலியாவில் 1990களில் 'மென்ஸ் ஷெட்' என்று ஒன்று தொடங்கி, பிறகு அயர்லாந்து, இங்கிலாந்து என்று பரவியது. வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள், வேலை போனவர்கள், மனைவியை இழந்தவர்கள் எல்லாம் ஒரு பட்டறையில் கூடி நாற்காலி ரிப்பேர் செய்வார்கள், பொம்மை செய்வார்கள். ஆண்கள் முகத்தைப் பார்த்துப் பேசமாட்டார்கள், தோளோடு தோள் நின்றால் பேசுவார்கள் என்பது அவர்கள் சொல்லும் சொல். இதற்கு ஆஸ்திரேலியா வரைக்கும் போகவேண்டியதில்லை. வேலந்தாவளம் ரோட்டில் ஒரு மோட்டார் காயில் கட்டும் கடையில் உட்கார்ந்திருந்தபோது நானே பார்த்திருக்கிறேன். கடைக்காரர் செம்புக் கம்பியைச் சுற்றிக்கொண்டே வாய்க்குள் எண்ணுகிறார், எண்ணும்போது யாரும் குறுக்கே பேசக்கூடாது, பேசினால் கணக்குத் தவறிவிடும். மோட்டார் கொண்டுவந்த தோப்புக்காரர் காத்திருக்கிறார். ஒரு காயில் முடிந்து கத்திரியால் நறுக்கும் நேரத்தில், தரையைப் பார்த்துக்கொண்டே, "பையன் பேசி எட்டு மாசமாச்சுங்க" என்றார். கடைக்காரர் நிமிரவில்லை. "அந்த நூலை எடுங்க" என்று வாங்கிக் காயிலைக் கட்டிவிட்டு, "ராத்திரி சாப்பிடறீங்களா?" என்று கேட்டார், அவ்வளவுதான். அப்புறம் அடுத்த காயில் முடிய முடிய அந்த மனுஷர் கொஞ்சம் கொஞ்சமாக எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். "நீங்களே போன் போட்டுப் பேசுங்க, பெத்தவங்கதான் இறங்கிப் போகணும்" என்று அங்கே ஒருத்தர் புத்தி சொல்லியிருந்தால் இரண்டாவது வாக்கியமே வந்திருக்காது. புத்தி சொல்லாமல் இருப்பதுதான் இதில் கஷ்டமான பகுதி, நம் ஊரில் அதற்குத் தனியாகப் பயிற்சியே கொடுக்கவேண்டும்.

அதற்காக வட்டமாக உட்கார்ந்து பேசுவது ஆண்களுக்கு ஆகவே ஆகாது என்று சொல்லமாட்டேன். இங்கிலாந்தில் ஹாலிஃபாக்ஸ் என்ற ஊரில், தற்கொலையில் மைத்துனரை இழந்த ஒரு ரக்பி ஆட்டக்காரர் 2016இல் 'ஆண்டிஸ் மேன் கிளப்' தொடங்கினார். முதல் கூட்டத்துக்கு ஒன்பது பேர் வந்தார்கள், இன்று பல ஊர்களில் நடக்கிறது. திங்கள் மாலை ஏழு மணி என்று எல்லா ஊரிலும் ஒரே நேரம், காசு கிடையாது, கேள்விகளும் முன்பே வைத்தவை. என்ன பேசுவது என்று யாரும் திணறவேண்டியதில்லை. குடியை விட்டவர்களுக்கோ 1935இல் அமெரிக்காவில் தொடங்கிய ஏ.ஏ. (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) கூட்டங்கள் இருக்கின்றன, கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் நடக்கின்றன. முதலில் அங்கே போங்கள் தம்பி. உங்களுக்குத் துணையும் கிடைக்கும், கூட்டத்தை எப்படி நடத்துகிறார்கள் என்பதும் தெரியும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. நம் கிழக்குப் பகுதியில் யாரைத் தொட்டாலும் யாருக்காவது பங்காளியோ சம்பந்தியோதான். சொன்னது வெளியே போகாது என்று கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்தாலும் ஒருத்தரும் நம்பமாட்டார்கள். அப்படியானால் எல்லை எதற்கு இருக்கிறது? கள்ளுக்காகத் தமிழ்நாட்டிலிருந்து மேற்கே வருகிறார்கள், பேச்சுக்காக நீங்கள் கிழக்கே பொள்ளாச்சிக்கு பஸ் ஏறலாம், தெரிந்த முகம் குறைவாக இருக்கும்.

சிரித்தவர்களைக் கோபிக்க வேண்டாம், ஆனால் அவர்களுக்கு இதைச் சொல்லுங்கள். தேசியக் குற்ற ஆவணக் காப்பகக் கணக்குப்படி 2022இல் இந்தியாவில் 1,70,924 பேர் தற்கொலை செய்துகொண்டார்கள், பத்துப் பேரில் ஏழு பேர் ஆண்கள். லட்சம் பேருக்கு எத்தனை என்று பார்த்தால் நாட்டின் சராசரி 12.4, தமிழ்நாடு 25.9, கேரளம் 28.5. எல்லைக்கு எந்தப் பக்கம் நின்றாலும் இரண்டு மடங்குக்கு மேல்.

இன்னொன்று, கூட்டாளிகள் டாக்டர் அல்ல. ஒருத்தர் சாவைப் பற்றிப் பேசினாலோ, கைப்பொருளை ஆளாளுக்குக் கொடுத்துவிட்டு விடைபெறுகிற மாதிரி நடந்துகொண்டாலோ, நேராகவே கேளுங்கள், கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. தனியாக விடாமல் உடன் இருந்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, காசில்லை, இரவு பகல் எப்போதும் எடுப்பார்கள், தமிழும் மலையாளமும் உண்டு. கேரளத்துக்கு அரசின் சுகாதார உதவி எண் திஷா 1056.

சரி, எப்படித் தொடங்குவது? வயதானவர்களையும் படுக்கையில் கிடப்பவர்களையும் வீட்டுக்குப் போய்ப் பார்க்கும் பாலியேட்டிவ் குழுக்கள் கேரளத்தில் ஊருக்கு ஊர் உண்டு, கோழிக்கோட்டில் 1993இல் விதை போட்டது. அங்கே தன்னார்வலராகச் சேருங்கள், சிரித்தவர்களில் ஒருத்தரையாவது "கட்டிலைத் தூக்க ஆள் வேணும்" என்று கூட்டிப் போங்கள். கட்டிலைத் தூக்கிவிட்டு வரும் வழியில் பேச்சு தானாக வரும். நாலு பேர் சேர்ந்த பிறகு வாசகசாலையில் ஒரு மணி நேரம் இடம் கேளுங்கள், கொடுப்பார்கள். கூட்டத்துக்குப் பெயர், பேனர், தலைவர் எதுவும் வேண்டாம், தலைவர் பதவி வந்தால் மறு வாரமே இரண்டு கோஷ்டி ஆகிவிடும். கிழமையை மட்டும் மாற்றாதீர்கள், ஒருத்தர்கூட வராவிட்டாலும் அன்று நீங்கள் அங்கே இருக்கவேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் வைக்காதீர்கள். அன்று வீட்டுக்காரி அயல்கூட்டத்துக்குப் போகும்போது வீட்டைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும்.