நிதானமான கன்ட்ரி பாடலிலிருந்து 'இந்தக் கணத்தில் வாழ்வதை'க் கற்க முடியுமா?

முடியும். ஆனால் வரிகளைவிடப் பாடும் முறையில்தான் கற்க அதிகம் இருக்கிறது.

கன்ட்ரி என்ற அமெரிக்க நாட்டுப்புற இசைவகையின் பாடகர் வெய்லன் ஜென்னிங்ஸ் 1977இல் பாடிய 'லக்கன்பாக், டெக்சஸ்' பாடலை எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்த வீட்டாருக்கு ஈடாக வாழப் பார்த்துக் களைத்த ஒருவன், வைர மோதிரத்தை விற்றுவிட்டு பூட்ஸும் வெளுத்த ஜீன்ஸும் வாங்கிக்கொண்டு லக்கன்பாக் என்ற சிற்றூருக்குப் போய்விடலாம் என்று துணைவியை அழைக்கிறான். அழகான ஆசைதான். ஆனால் நிம்மதி வேறோர் ஊரில் இருப்பதாக ஆகிவிடுகிறது! பாடலை எழுதிய சிப்ஸ் மோமனும் பாபி எம்மன்ஸும் அந்த ஊரை அதுவரை பார்த்ததே இல்லை.

பாடலின் கடைசிப் பகுதியில் சேர்ந்துகொள்ளும் இன்னொரு கன்ட்ரி பாடகர் வில்லி நெல்சனைக் கவனியுங்கள். தாளத்துக்குச் சற்றுப் பிந்திச் சொல்லை இறக்குவது அவர் பாணி. செய்து பார்க்க, மெட்ரோனோமை (சீராகத் தாளம் தட்டும் கருவி) நிமிடத்துக்கு 70 தாள அடியில் வைத்துக் காலால் தட்டுங்கள். தெரிந்த ஒரு வரியை முதலில் அடியோடு சேர்த்துப் பாடுங்கள். பிறகு முதல் சொல்லை அரை அடி தாமதித்துத் தொடங்கி, வரி முடிவில் தாளத்தோடு சேருங்கள்.

பெரும்பாலும் காலும் குரலோடு சேர்ந்து மெதுவாகிவிடும். அப்போது குரலை நிறுத்தித் தட்டுவதை மட்டும் தொடருங்கள். மனம் அடுத்த வரிக்கு ஓடினால் சொல் முந்திக்கொள்ளும். இப்போது விழும் அடியைக் கேட்டால்தான் தாமதம் நிற்கும். கர்நாடக இசையில் தாளம் தொடங்கிய பிறகு பாட்டைத் தொடங்கும் அனாகத எடுப்பு பழகியவர்களுக்கு இது சீக்கிரம் பிடிபடும். அங்கே இடைவெளி நிலையானது, இங்கே வரிக்கு வரி மாறும்.